முகப்பருவுக்குத் தேன் தடவலாமா?

கேள்வி இதுதான்: அடிக்கடி பரு வரும் முகம், வாங்கிய கிரீம் எதைப் போட்டாலும் எரிச்சல். தேன் கிருமியைக் கொல்லும், பக்கவிளைவு கிடையாது என்கிறார்கள். தினமும் தடவினால் பரு போய்விடுமா? எந்தத் தேன், எவ்வளவு நேரம், எதோடு கலந்து?

நேராகச் சொல்லிவிடுகிறேன். தடவலாம். பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் வராது. சிவந்து, வறண்டு, தோல் உரிந்து கிடக்கும் முகத்துக்கு இதமாகவே இருக்கும். ஆனால் தேனை மட்டும் நம்பிப் பரு வருவதை நிறுத்த முடியாது. பரு தொடங்குகிற இடம் வரைக்கும் தேன் இறங்குவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது அந்தச் சுரப்பி பெருத்து, எண்ணெயை அதிகமாகக் கசியவிடுகிறது. அதே சமயம், மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. உள்ளே எண்ணெய், காற்று கிடையாது. கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. (2016 வரை இதன் பெயர் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ். பழைய மருந்துக் குறிப்புகளில் அந்தப் பெயரையே பார்ப்பீர்கள்.) இந்தப் பாக்டீரியா எல்லோருடைய முகத்திலும் இருக்கிறது, பருவே வராதவர்களிடமும். அடைபட்ட குழிக்குள் அது பெருகி, உடல் அதை எதிர்க்கத் தொடங்கும்போதுதான் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம். கண்ணுக்கே தெரியாத முதல் அடைப்பிலிருந்து பருவாக மேலே எழும்பி வரப் பல வாரங்கள் ஆகும். இன்று காலையில் முளைத்த பருவுக்கு நேற்றுச் சாப்பிட்டது எதையும் குற்றம் சொல்ல முடியாது.

தேன் வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, கண்ணாடியை நெருக்கமாக வைத்து முகத்தைப் பாருங்கள். மூக்கின் மேலும் தாடையிலும் ஊசி குத்தியது போன்ற கரும்புள்ளிகள் இருக்கிறதா? அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. திறந்த துளையில் நிற்கும் அடைப்பில் உள்ள நிறமியும், காற்றுப் பட்ட எண்ணெயும் சேர்ந்த நிறம் அது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது, தேனுக்கும் அசையாது. கன்னத்தோலை லேசாக இழுத்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற, தோல் நிறத்திலேயே உள்ள சிறு சிறு மேடுகள் மூடிய வெண்புள்ளிகள். அவற்றுக்கும் தேனால் பயன் இல்லை. சிவந்த சிறு கட்டி, நுனியில் மஞ்சளாகச் சீழ் கோத்த பரு, இந்த வகையில்தான் தேன் கொஞ்சம் உதவலாம், அதுவும் சிவப்பைத் தணிப்பதில். தாடை ஓரத்திலோ கழுத்திலோ வாய் திறக்காமல், தொட்டாலே வலிக்கிற ஆழமான முடிச்சுகள் இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அவை குழித் தழும்பு விட்டுப் போகிற ரகம்.

இன்னொன்றும் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் எல்லாம் ஒரே அளவில், பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது முகப்பருவே இல்லாமல் இருக்கலாம். மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்கள் வீங்குவது அப்படித்தான் தெரியும். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். பரு மருந்தை மாதக்கணக்கில் போட்டுவிட்டு ‘எதுவுமே எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையான பிரச்சினை இதுதான்.

இப்போது தேன். அதற்குக் கிருமியை அடக்கும் திறன் இருப்பது வெறும் நம்பிக்கை இல்லை, வேதியியல். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, 17, 18 சதவீதம்தான் தண்ணீர். அவ்வளவு அடர்த்தியான சர்க்கரைக்குள் சிக்கும் பாக்டீரியாவின் உடலிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். தேனின் அமிலத்தன்மையும் அதிகம், பி.எச். அளவு ஏறத்தாழ 3.2 முதல் 4.5 வரை (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அப்புறம் முக்கியமானது, தேனீ தன் சுரப்பியிலிருந்து தேனில் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. பாட்டிலில் இருக்கும்வரை அது கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும். தேனில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து நீர்த்ததும் விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை உற்பத்தி செய்யும். புண் கழுவ வைத்திருக்கும் 3 சதவீதக் கரைசலோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் ஊறிக்கொண்டே இருக்கும். நியூசிலாந்தின் மனுகா தேனில் கதை வேறு. அதன் வலிமை பெரும்பாலும் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருளிலிருந்து வருகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் பரு போகாது? ஆய்வகத் தட்டில் பாக்டீரியா தேனுக்குள் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கிறது. முகத்திலோ அது அடைபட்ட துளைக்கு அடியில், எண்ணெய்க்குள் இருக்கிறது. நீங்கள் மேலே பூசுவது நீரில் கரையும் சர்க்கரைப்பாகு. அரை மணி நேரத்தில் கழுவியும் விடுகிறீர்கள். போதாக்குறைக்கு, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி நம் தோலிலும் இருக்கிறது, அந்தப் பாக்டீரியாவிடமும் இருக்கிறது. ‘தீக்காயத்தையே தேன் ஆற்றுகிறதே’ என்று கேட்பார்கள். உண்மைதான். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஆழம் அதிகமில்லாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் சீக்கிரம் ஆறுகின்றன என்கிறது. ஆனால் காயம் திறந்த இடம். கட்டுக்கு அடியில் தேன் நாள் முழுக்க நேரடியாகப் பட்டுக்கொண்டிருக்கும். பரு மூடிய இடம்.

சரி, மனிதர்கள் முகத்தில் தடவியே பார்த்தார்களா? பார்த்தார்கள். நியூசிலாந்தில் 136 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி சோப்பால் முகம் கழுவ வேண்டும். பாதிப் பேர் அதற்கு மேல், 10 சதவீதம் கிளிசரின் கலந்த கானுகா தேனை (கானுகா என்பது நியூசிலாந்துச் செடி) இரண்டு வேளையும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பூசி வைத்திருக்க வேண்டும். 12 வாரம் கழித்து, கணக்கில் வந்த 53 பேருக்கு 53 பேர் என்று பார்த்தபோது, கண்ணில் படும்படி முகம் தெளிந்தவர்கள் தேன் பக்கம் 4 பேர், சோப்புப் பக்கம் 1. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால், தேன் வேலை செய்தது என்று சொல்ல முடியவில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம் வரை பிசுபிசுப்போடு உட்கார்ந்திருந்ததற்குப் பலன் இவ்வளவுதான்! என்னைக் கேட்டால், தேன் பற்றிய பேச்சை இந்த ஆய்விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் அதே தேன், அதே கிளிசரின் கலவை, ரோசேசியா என்ற வேறொரு தோல் நோயில் நன்றாகவே தேறியது. முகம் நிரந்தரமாகச் சிவந்து, பரு போன்ற கொப்புளங்களும் வரும் நோய் அது. 2015இல் வெளியான 138 பேர் ஆய்வில் தேன் பூசியவர்களில் 34 சதவீதம் பேருக்கும், சாதாரண கிரீம் பூசியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது, சிவப்பையும் எரிச்சலையும் தணிப்பதில் தேனுக்கு ஏதோ வேலை இருக்கிறது, அடைப்பைத் திறப்பதில் இல்லை.

எப்படிப் பூசுவது என்பதற்கு வருவோம். முதலில் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் ஒரு பொட்டு அளவுக்குத் தடவி, இருபது நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, இரண்டு நாள் காத்திருங்கள். மகரந்தம், தேன்மெழுகு, தேனீப்பிசின் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கே அரிப்போ தடிப்போ வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் வரவில்லை என்றால், மென்மையான ஃபேஸ் வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரப்பதம் மிச்சம் இருக்கும்போதே பூசுங்கள். அந்த ஈரம்தான் நொதியை எழுப்புகிறது, தேனும் இழுக்காமல் பரவும். அரை டீஸ்பூன் முழு முகத்துக்கும் தாராளம். பாட்டிலுக்குள் ஈரவிரலை விடாதீர்கள். தண்ணீர் சேர்ந்த தேன் புளிக்கத் தொடங்கிவிடும்.

பூசி ஐந்து நிமிடத்தில் உடல் சூட்டுக்குத் தேன் இளகி, தாடையிலிருந்து கழுத்துக்கு வழியும், நெற்றி ஓரத்து முடியில் ஒட்டும். முடியை இறுகக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சமாகப் பூசுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரை அள்ளி அள்ளி விட்டால் தானாகக் கரைந்து போகும், தேய்க்கவே வேண்டாம். ஈரம் காயும் முன் துளையை அடைக்காத மாய்ஸ்சரைசர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மூன்று முறைக்கு மேல் தேவையில்லை. இரவு முழுக்க வைத்துக்கொண்டு தூங்குவதால் கிடைப்பது ஒட்டும் தலையணை உறைதான். முழு முகமும் வேண்டாம், ஒன்றிரண்டு பருதான் என்றால் அவற்றின் மேல் மட்டும் ஒரு துளி வைக்கலாம். சுரீர் என்று எரிந்தால் நேரம் பார்க்காமல் கழுவுங்கள்.

எந்தத் தேன் என்றால், அதிகம் சூடுபடுத்தாத, கலப்படமில்லாத எந்தத் தேனும் சரி. சூடு ஏறினால் அந்த நொதி செயலிழந்துவிடும். உறைந்து மணலாகிப்போன தேன் கெட்டதும் இல்லை, போலியும் இல்லை. ஆனால் அந்தப் படிகங்களை அப்படியே முகத்தில் தேய்க்கக் கூடாது, கீறும். பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் நிறுத்திவைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்கிறதா, தீக்குச்சியில் தடவினால் எரிகிறதா போன்ற சோதனைகளை நம்பாதீர்கள். கெட்டியான சர்க்கரைப்பாகும் அவற்றில் தேறிவிடும். மனுகா பாட்டில்களில் வலிமையைக் காட்ட அச்சிட்டிருக்கும் எண் கூடக்கூட விலையும் கூடும். ஆனால் எண் கூடினால் பரு சீக்கிரம் போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காயங்களுக்குப் பயன்படுத்தும் மருத்துவத் தேன், காமா கதிரால் கிருமிநீக்கம் செய்தது. பருவைக் கிள்ளிப் புண்ணாக்கி வைத்திருந்தால், அதன் மேல் சமையலறைத் தேனை வைக்காதீர்கள்.

கலவைகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘தேன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வருகிற பல பேருக்கு ஒத்துக்கொள்ளாதது தேனே இல்லை. இலவங்கப்பட்டைப் பொடி கலந்த பேக் ரொம்பப் பிரபலம். பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு தோலை எரிக்கவும் செய்யும், ஒவ்வாமையையும் கிளப்பும். எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம். அதன் பி.எச். 2க்கு அருகில். அதோடு, அந்தக் குடும்பத்துப் பழங்களில் உள்ள ஃபியூரோகூமரின்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் மறையாத கருமை விழலாம். பரு வடுவைப் போக்கப் போய்ப் புது வடு வாங்கிய கதை ஆகிவிடும். சமையல் சோடா காரம், லேசான அமிலத்தன்மையில் இருக்க வேண்டிய தோலின் பாதுகாப்பைக் குலைக்கும். சர்க்கரை கலந்து ஸ்க்ரப் செய்தால் வீங்கிய பருக்கள் உடைந்து இன்னும் சிவக்கும். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கும் ரகம். மஞ்சள் பெரும்பாலும் சும்மா இருக்கும், முகம்தான் மஞ்சளாகும். மொத்தத்தில், தேன் தடவுவதாக இருந்தால் வெறும் தேன்.

தேன் பட்டால் முடி நரைக்கும், புருவத்தில் படக் கூடாது என்று பயப்படுகிறவர்களுக்கு: முடியை வெளுக்கக் காரக் கலவையோடு பல சதவீதப் பெராக்சைடு வேண்டும், தேனில் இருப்பது அமிலமும் துளியிலும் துளி பெராக்சைடும். பயப்பட வேண்டாம். ஒட்டி இழுக்கும் என்பதற்காகப் புருவத்தைத் தவிர்த்தால் சரி.

கைக்குழந்தை உள்ள வீட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். முகத்தில் தேனோடு இருக்கும்போது குழந்தையைத் தூக்காதீர்கள், கன்னத்தை நக்கிவிடும். முகத்தையும் கையையும் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

அப்படியானால் பருவுக்கு எதுதான் மருந்து? வாங்கிய கிரீம் எல்லாம் எரிகிறது என்று கேள்வியிலேயே இருக்கிறதே, அங்கேதான் விடையும் இருக்கிறது. பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், 10 சதவீதத்துக்கு ஏறத்தாழ நிகராகவே வேலை செய்யும், எரிச்சல் மிகக் குறைவு. பலர் வலிமையானதை வாங்கி, தினமும் இரண்டு வேளை அப்பி, ஒரே வாரத்தில் முகம் உரிந்து, விட்டுவிடுகிறார்கள். (அது துணியின் சாயத்தை வெளுக்கும். வெள்ளைத் துண்டாகப் பயன்படுத்துங்கள்.) அடைப்பைத் திறக்க அடாபலீன் 0.1 சதவீதம், பட்டாணி அளவு, இரவில், முழு முகத்துக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், அவர்களுக்கு அசலாயிக் ஆசிட் பொருத்தம். கரும்புள்ளிக்கு 2 சதவீதம் வரை சாலிசிலிக் ஆசிட். எதுவானாலும் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, தேவைப்பட்டால் மாய்ஸ்சரைசருக்கு மேல் போட்டுத் தொடங்குங்கள். 8 முதல் 12 வாரம் கொடுக்க வேண்டும். முதல் சில வாரங்களில் தோல் உரிந்து எரியும், இடைப்பட்ட நாள்களில் தேனைப் பூசிக்கொள்ளுங்கள். தேனுக்கு நான் கொடுக்கும் இடம் இதுதான், மருந்தைத் தாக்குப்பிடிக்க வைக்கிற துணை.

இயற்கைப் பொருள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், தேனைவிட டீ ட்ரீ எண்ணெய்க்கு ஆதாரம் அதிகம். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ எண்ணெயையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, தொந்தரவும் குறைவு. அதை நீர்க்காமல் பூசினால் தோல் வெந்துவிடும்.

பரு போன இடத்தில் நிற்கும் கருந்தடத்தை வெளுக்கும் சக்தியும் தேனுக்கு இல்லை. அது மங்குவதற்கு மாதங்கள் ஆகும், வெயில் பட்டால் இன்னும் நீளும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்தான் அங்கே பெரிய வைத்தியம். பள்ளம் விழுந்த தழும்புக்கு வீட்டில் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் ஆழமான முடிச்சுகள் தெரிந்ததுமே தோல் மருத்துவரிடம் போகச் சொல்வது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் முடியும் சேர்ந்து வளர்கிற பெண்கள் ஹார்மோன் பரிசோதனையும் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பருவுக்கு வேர் சினைப்பையில் இருக்கலாம்.

காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் ‘ரத்தம் சுத்தமாகி’ பரு போகும் என்பதையும் சேர்த்தே கேட்பார்கள். குடித்த தேன் உடலுக்குள் வெறும் சர்க்கரைதான். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகளைக் குறைத்தால் பரு குறைவதாக, 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் நடந்த 12 வார ஆய்வு காட்டியிருக்கிறது. பிடித்திருந்தால் குடியுங்கள், பருவுக்காகக் குடிக்க வேண்டாம்.